மலை ரயில் வாடகைக்கு. பொறுப்பு யார் தலையில்?



நீலகிரி மலை ரயில்னு சொன்னாலே நம்ம எல்லாருக்கும் ஒரு ஞாபகம் இருக்கும். காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் அந்தச் சத்தம், ஹில்குரோவில் இறங்கிக் குடிக்கும் டீ, அங்கே பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிட்டு ஓடும் குரங்கு. இந்தப் பதிவை எழுதுகிற அட்மினும் சின்ன வயசுல ஜன்னல் வழியா தலையை நீட்டி அப்பாவிடம் அடி வாங்கினவன்தான். அதனால் முதல்லயே சொல்லிடுறோம்: பாரம்பரிய ரயில் ஓடக்கூடாது என்பதற்காக இந்தப் பதிவு இல்லை. ஓடணும். இன்னும் நூறு வருஷம் ஓடணும். அதனால்தான் கேக்குறோம்.

கேள்வி ஒன்றுதான். தனியார் ஒருவர் மொத்த ரயிலையும் வாடகைக்கு எடுத்து, ரயில் ரசிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டது. பொறுப்பு யாருக்கு?

ரயில்வேயைக் கேட்டால் "வாடகைக்கு எடுத்தவர்" என்பார்கள். வாடகைக்கு எடுத்தவரைக் கேட்டால் "என்ஜினும் பெட்டியும் ரயில்வேயோடது, ஓட்டினவரும் ரயில்வே ஊழியர்" என்பார். கடைசியில் யார் மாட்டுவார் என்பது உங்களுக்கே தெரியும். லோகோ பைலட். இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டே போகிறாரே, அந்த பிரேக்ஸ்மேன்.

கற்பனைக் கதை சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

2015 செப்டம்பர் 12. கால்கா–சிம்லா ரயில் பாதை. நம்ம நீலகிரி ரயிலைப் போலவே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பாதை அது. நமக்கு 2005-இல் அந்த அந்தஸ்து கிடைத்தது, அவர்களுக்கு 2008-இல். பிரிட்டனிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்காகத் தனியாக வாடகைக்கு எடுக்கப்பட்ட ரயில், கால்காவிலிருந்து கிளம்பிச் சில கிலோமீட்டரிலேயே தடம் புரண்டது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். பலர் காயம். பழைய ரயிலில் மலை ஏற வேண்டும் என்ற ஆசையில் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது நம்ம ஊரிலேயே. 2023 ஆகஸ்ட் 26, மதுரை. அதிகாலை ஐந்தேகால் மணி. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப்பெட்டி. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் முன்பதிவு செய்த பெட்டி. புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸில் இணைந்து வந்து, மதுரையில் கழற்றி ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர். டீ போடப் பற்றவைத்தார்கள். பெட்டி எரிந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள்.

அது பாரம்பரிய ரயில் இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் ஏற்பாடு அதே ஏற்பாடுதான். பெட்டி ரயில்வேயோடது. பயணத்தை விற்றவர் வேறொருவர். உள்ளே சமையல் முதல் தூக்கம் வரை எல்லாம் அவர் கட்டுப்பாட்டில். லக்னோவிலிருந்து கிளம்பி ஒன்பது நாள், எத்தனை நிலையங்களைத் தாண்டி வந்தது அந்தப் பெட்டி! ஒரு இடத்திலாவது ஒருவர் ஏறி "உள்ளே என்ன வச்சிருக்கீங்க?" என்று முழுசாகப் பார்த்திருந்தால் அந்த ஒன்பது பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். சுற்றுலா நடத்தியவர்களின் ஊழியர்கள் கைதானார்கள். ஆகட்டும். தப்பு செய்தவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை போடவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார்? அந்தப் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலாவது வந்ததா?

தீயை அணைக்கப் போனது தமிழ்நாடு தீயணைப்பு வீரர்கள். காயம்பட்டவர்களைத் தாங்கியது மதுரை அரசு மருத்துவமனை. வாடகைப் பணம் போனது டெல்லிக்கு. வருமானம் அங்கே, பிணவறை இங்கே. கசப்பாக இருக்கலாம். ஆனால் நடந்தது இதுதான்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

2020 டிசம்பர் நினைவிருக்கிறதா? கொரோனாவால் மார்ச் முதல் மலை ரயில் நின்றுகிடந்தது. சாதாரண ஜனங்களுக்கு ரயில் இல்லை. அந்த நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தனியார் வாடகை ரயில் கிளம்பியது. டிக்கெட் 3,000 ரூபாய். விமானப் பணிப்பெண்கள் மாதிரி உடை போட்ட ஊழியர்கள். தமிழ்நாடே கொதித்தது. "மலை ரயிலைத் தனியாருக்கு வித்துட்டாங்க" என்று குரல் எழுந்தது. ரயில்வே உடனே விளக்கம் கொடுத்தது: இது தனியார்மயம் இல்லை, யார் வேண்டுமானாலும் பணம் கட்டி எடுக்கக்கூடிய வாடகை ரயில்தான் என்று.

அன்றைக்கு நாம் எல்லோரும் கட்டணத்தைப் பற்றித்தான் சண்டை போட்டோம். மூவாயிரம் ரூபாயா, இது ஏழைகள் ரயிலா பணக்காரர்கள் ரயிலா என்று. அந்தச் சண்டை நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியை நாமும் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த 3,000 ரூபாய் டிக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது? விபத்து நடந்தால் அந்தச் சீட்டு யாரைப் பொறுப்பாக்குகிறது?

கொஞ்சம் சட்டத்தைப் பார்ப்போம். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

1989 ரயில்வே சட்டம், பிரிவு 124. ரயில் மோதினாலோ, தடம் புரண்டாலோ, ரயிலுக்கு வேறு விபத்து நேர்ந்தாலோ, ரயில்வே மீது தப்பு இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல் இழப்பீடு தரவேண்டும். பிரிவு 124-ஏ, 1994-இல் சேர்த்தது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தாலும் இழப்பீடு. நல்ல சட்டம். ஏழை மனிதன் கோர்ட்டில் போய் "ரயில்வே அலட்சியமாக இருந்தது" என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமும் 2018-இல் ரீனா தேவி வழக்கில், இறந்தவர் உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சட்டம் யாருக்காக? "பயணி"க்காக. பயணி என்றால் செல்லுபடியாகும் டிக்கெட்டோ பாஸோ வைத்திருப்பவர். வாடகை ரயிலில் மொத்தப் பணத்தையும் ஏற்பாட்டாளர் ரயில்வேக்குக் கட்டிவிடுகிறார். பயணி கையில் இருப்பது ஏற்பாட்டாளர் அச்சடித்த பளபளப்பான அட்டை. அது சட்டத்தின் கண்ணில் ரயில்வே டிக்கெட்டா, இல்லை சினிமா டிக்கெட் மாதிரி ஒரு தனியார் சீட்டா? ஒரு மனசாட்சியுள்ள நீதிபதி பயணி பக்கம்தான் நிற்பார் என்று நாங்கள் நம்புகிறோம். ஆனால் செத்தவன் பொண்டாட்டி ஏன் ஒரு நீதிபதியின் மனசாட்சியை நம்பி வருஷக்கணக்காகக் காத்திருக்கணும்? ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதினால் போதுமே, "இந்த ரயிலில் ஏறும் ஒவ்வொருவரும் பிரிவு 124-இன் கீழ் பயணி" என்று. எழுதுவதில் என்ன கஷ்டம்?

இழப்பீடு எவ்வளவு தெரியுமா? உயிர் போனால் 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி 1-லிருந்து. அதற்கு முன்னால் இருபது வருஷமாக 4 லட்சமாகக் கிடந்தது. 2017-இல் ஒரு பவுன் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? இதுக்கு மேல நாங்க ஒண்ணும் சொல்லல.

அடுத்து, ரயில் ரசிகர்கள் விஷயம். இந்தப் பக்கத்தைத் தொடரும் தம்பிகளிலேயே பலர் ரயில் பைத்தியங்கள். கோபப்படாமல் படியுங்கள்.

நீராவி என்ஜின் ஓட்டம் என்றாலே உலகமெங்கும் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரயிலை ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ரசிகர்கள் கேமராவோடு இறங்கிச் சரிவில் நின்றுகொள்வார்கள். ரயில் பின்னால் போய், புகையைக் கக்கிக்கொண்டு மறுபடி முன்னால் வரும். படம் அருமையாக வரும், சந்தேகமே இல்லை. ஆனால் இறங்கி நின்ற அந்த நொடியில் அவர் சட்டப்படி யார்? ரயிலுக்குள் இருக்கும்போது பயணி. கீழே தண்டவாளத்தோரம் நின்றால், அனுமதி எழுத்தில் இல்லையென்றால், பிரிவு 147-படி அத்துமீறி நுழைந்தவர். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். என்ஜினில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால், படியில் தொங்கினால் பிரிவு 156: மூன்று மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் ஐநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அங்கே கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தால், "ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவர்" என்ற வரையறைக்குள்கூட அவர் வரமாட்டார்.

அதாவது, ஏற்பாட்டாளர் விளம்பரத்தில் எதை "சிறப்பு அனுபவம்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறாரோ, அதைச் செய்யும் நிமிடத்தில்தான் பயணிக்குச் சட்டத்தின் குடை விலகுகிறது. இதை யாராவது அந்தத் தம்பிகளுக்குச் சொன்னார்களா?

இன்னொரு தந்திரமும் உண்டு. "என் சொந்தப் பொறுப்பில் பயணம் செய்கிறேன், எது நடந்தாலும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரமாட்டேன்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவது. பார்க், போட்டிங், மலையேற்றம் என்று எல்லா இடத்திலும் இப்போது இதுதான் பழக்கம். நாமும் படிக்காமலே கிறுக்கிவிட்டு வருகிறோம். பிரிட்டனில் 1977-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: தொழில் நடத்துகிறவன் தன் அலட்சியத்தால் ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும், எந்த அறிவிப்புப் பலகையாலும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரே வரி. இங்கே அப்படி நேரடியான ஒரு வரி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 23, 28 பிரிவுகளையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் வைத்து வாதாடித்தான் ஜெயிக்க வேண்டும். வாதாட வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். ஆகவே தோழர்களே, கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தக் காகிதம் கடைசி வார்த்தை இல்லை.

"இப்படியெல்லாம் கேள்வி கேட்டா யாருமே பாரம்பரிய ரயில் ஓட்ட மாட்டாங்க, எல்லாத்தையும் மியூசியத்துல வச்சுப் பூட்டிடுவாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர். நியாயமான பயம். அதனால் பாரம்பரிய ரயில்கள் பெருமளவில் ஓடும் நாட்டிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2015 மார்ச் 7, இங்கிலாந்து. வூட்டன் பாசெட் என்ற சந்திப்பு. பழைய நீராவி என்ஜின் இழுத்துவந்த சுற்றுலா ரயில் ஒன்று சிவப்பு சிக்னலைத் தாண்டி ஓடி, சந்திப்பின் மேலேயே போய் நின்றது. அதற்கு ஒரு நிமிடம்கூட முன்னால் இல்லை, அதே இடத்தை ஒரு அதிவேக ரயில் கடந்து போயிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நம்ம ஊராக இருந்தால் "கடவுள் காப்பாத்தினார்" என்று சொல்லி முடித்திருப்பார்கள். அங்கே விசாரித்தார்கள். எச்சரிக்கை மணியை நேரத்துக்கு ஏற்காததால் தானாகப் பிரேக் பிடித்தது. ரயில் நின்றுவிடாமல் இருக்க ஊழியர்கள் அந்தப் பாதுகாப்பு அமைப்பையே துண்டித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்படித் துண்டித்ததால், சிவப்பைத் தாண்டும்போது ரயிலை நிறுத்த எதுவும் இல்லாமல் போயிற்று.

ஓட்டுநருக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. நன்றாகக் கவனியுங்கள், அதோடு விடவில்லை. ரயிலை இயக்கிய நிறுவனத்துக்கு 2016-இல் 2 லட்சம் பவுண்ட் அபராதம். அதற்கு முன்பே அந்த நிறுவனம் பிரதான பாதையில் ரயில் ஓட்டும் அனுமதியையே நிறுத்தி வைத்தார்கள். ஊழியர் தப்பு செய்தார் என்றால் அந்தத் தப்பு நடக்கும்படியான பழக்கத்தை வளர்த்தது யார் என்று கேட்டார்கள். ஒருவர்கூடச் சாகாத சம்பவத்துக்கு!

அதே நிறுவனம்தான் ஸ்காட்லாந்தில் ஹாரி பாட்டர் படத்தில் வரும் பாலத்தின் மேல் நீராவி ரயில் ஓட்டுகிறது. நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாலம். பழைய பெட்டிகளின் கதவுகளுக்கு மையப் பூட்டு போடு என்றது பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு. கதவுக்குக் கதவு ஆள் நிறுத்தியிருக்கிறோம், பூட்டு போட்டால் பல மில்லியன் பவுண்ட் செலவாகும், கட்டுப்படியாகாது என்றது நிறுவனம். கோர்ட்டுக்கே போனார்கள். 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2024 வசந்தத்தில் ரயில் சில வாரம் நின்றது. சுற்றுலாவை நம்பிய ஊர்க்காரர்கள் புலம்பினார்கள், அது உண்மை. பிறகு பூட்டு உள்ள பெட்டிகளோடு ரயில் மறுபடி ஓடியது. மியூசியத்துக்குப் போகவில்லை. ஓடியது!

அமெரிக்காவில் 1995 ஜூனில் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சுற்றுலா நீராவி என்ஜினின் கொதிகலனில் தண்ணீர் குறைந்தது. நெருப்புக்கு மேலே இருக்கும் தகட்டைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. தகடு பழுத்து வளைந்து பிய்ந்தது. என்ஜினில் இருந்த மூன்று பேர் நீராவியில் வெந்தார்கள். அதன்பின் 1999-இல் அங்கே நீராவி என்ஜின் விதிகளையே திருத்தி எழுதினார்கள்: 1,472 நாள் ஓட்டம் அல்லது 15 வருஷம், எது முதலில் வருகிறதோ, அப்போது கொதிகலனை முழுசாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் இன்றைக்கும் நீராவி ரயில்கள் ஓடுகின்றன.

இப்போது நம் பாதையை யோசியுங்கள். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு. 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை. என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது கீழேயிருந்து தள்ளும், இறங்கும்போது கீழேயிருந்து தாங்கும். பெட்டி கழன்றாலும் உருண்டு போய்விடக்கூடாது என்ற நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தி அது. என்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. முன் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். கொடி காட்டுவார், கைப்பிரேக் போடுவார். சாஃப்ட்வேர் கிடையாது, சென்சார் கிடையாது. மனிதனின் கையும் கண்ணும்தான்.

இந்த ரயிலை ஓட்டுவது ஒரு கலை. பொன்மலைப் பணிமனையில் கொதிகலன் வேலை தெரிந்த கைகள், குன்னூர் ஷெட்டில் அடுப்பின் நிறத்தைப் பார்த்தே நீராவி அழுத்தத்தைச் சொல்லிவிடும் ஆட்கள். இவர்கள் ஓய்வு பெற்றால் அடுத்து யார்? பயிற்சிக்கு எத்தனை பேரை எடுத்திருக்கிறீர்கள்? வாடகை ரயில் வந்தால் இதே ஆட்களுக்குத்தான் கூடுதல் வேலை. வழக்கமான ரயிலை முடித்துவிட்டு வந்தவரை, வாடகைக்காரர் காத்திருக்கிறார் என்று மறுபடி ஏற்றுகிறீர்களா? பணி நேரப் பதிவேட்டைக் காட்டுங்கள்.

மழை விஷயம் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிவது ஒவ்வொரு வருஷமும் நடப்பது. 2009 நவம்பர் நிலச்சரிவில் பாதை பிய்ந்து மாதக்கணக்கில் ரயில் நின்றதை நீலகிரித் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பாதையைக் கால்நடையாகப் பார்த்துவரும் டிராக்மேன் "இன்னைக்கு வேணாம் சார்" என்றால் வழக்கமான ரயில் ரத்தாகும், டிக்கெட் பணம் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கட்டி, வெளிநாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்து, ஹோட்டல் போட்டு வைத்திருக்கும் வாடகை ரயிலுக்கு அதே டிராக்மேன் "வேணாம்" என்றால் மேலே இருப்பவர்கள் கேட்பார்களா? அவர் சொன்னதை யாராவது எழுதி வைப்பார்களா? பெரிய மனிதர்களின் நிகழ்ச்சி நிரலும் ஒரு சாதாரண ஊழியரின் எச்சரிக்கையும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பது நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விபத்து என்று வந்தால் சட்டம் ரெடியாக இருக்கிறது, ஊழியருக்கு. ரயில்வே சட்டம் பிரிவு 175: பயணிகள் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த ரயில்வே ஊழியருக்கு இரண்டு வருஷம் வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106: அலட்சியத்தால் மரணம், ஐந்து வருஷம் வரை. மதுரையில் வந்த 164-ஆம் பிரிவு மாதிரியான குற்றம், அதாவது ஆபத்தான பொருளை ரயிலில் ஏற்றியது, மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம். அந்த அபராதத்தின் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய். ஆமாம் தோழர்களே, பூஜ்யம் ஒன்றும் விடுபடவில்லை. ஆயிரம் ரூபாய்தான். பணம் வாங்கிக்கொண்டு ரயில் சுற்றுலா விற்கும் நிறுவனம் என்ற முறையில், பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், இத்தனை கோடிக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், தவறினால் இன்ன தண்டனை என்று ரயில்வே சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. 1989-இல் இப்படி ஒரு வியாபாரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. 2022 ஜூனில் நாட்டின் முதல் தனியார் பாரத் கௌரவ் ரயில் கிளம்பியதே நம் கோவையிலிருந்துதான், ஷீரடிக்கு. வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள், சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ஒன்றிய ரயில்வே அமைச்சகத்திடம் நாம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தங்களை ரகசியமாக வைக்காமல் இணையத்தில் போடுங்கள். ஏறும் ஒவ்வொருவர் பெயரிலும் ரயில்வே டிக்கெட் கொடுங்கள். ஏற்பாட்டாளருக்குப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குங்கள். இல்லாதவனுக்கு ரயில் இல்லை. ரயிலை நிறுத்தும் அதிகாரம் பாதை ஊழியருக்கும் லோகோ பைலட்டுக்கும் எழுத்தில் இருக்கட்டும், அதைப் பயன்படுத்தியதற்காக யாரையும் இடமாற்றம் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஆணையர் விசாரணை அறிக்கைகளை முழுசாக மக்கள் முன் வையுங்கள். பிரிட்டனில் வூட்டன் பாசெட் அறிக்கையை இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்புறம் அந்த 8 லட்சத்தைத் திருத்துங்கள்.

ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, மாநிலத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒரு கூட்டம் வரும். ரயில்வே போலீஸ் யாருடையது? மாநிலத்துடையது. தீயணைப்பு, மருத்துவமனை, மலையில் மீட்புப் பணி? எல்லாம் மாநிலம். விபத்து நடந்தபிறகு கூப்பிடும் நம்மை, விபத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? வாடகை ரயில் அனுமதி கொடுக்கும் முன் மாவட்ட ஆட்சியரிடமும் தீயணைப்புத் துறையிடமும் பயண விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதை விதியாக்கச் சொல்கிறோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கோவை, மதுரைத் தோழர்கள் இந்த வாரமே ஆளுக்கொரு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். மூன்று கேள்வி போதும்: கடந்த ஐந்து வருஷத்தில் நீலகிரி மலைப் பாதையில் எத்தனை வாடகை ரயில்கள் ஓடின, அவற்றின் ஒப்பந்தத்தில் விபத்துப் பொறுப்பு பற்றிய பிரிவின் நகல், பிரேக்ஸ்மேன், ஃபயர்மேன் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை. பதில் வந்தால் படம் எடுத்து நம் பக்கத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் முப்பது நாள் முடிந்ததும் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

ரயில் விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருஷத்துக்குள் மனு செய்ய வேண்டும். சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. அதிகாரி வந்து கருணைத்தொகைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, நாள் கடந்துபோன குடும்பங்கள் உண்டு. கருணைத்தொகை வேறு, இழப்பீடு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடாது. மனு எழுதத் தெரியாவிட்டால் நம் வழக்கறிஞர் அணியின் மாவட்டப் பொறுப்பாளரைப் பாருங்கள், காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பார்கள்.

#நீலகிரிமலைரயில் #பொறுப்புயாருக்கு